ஸ்கூனர் பந்தயக் கோப்பைகளும் வழக்கங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவில் இருப்பவர்கள் பையில் கைவிட்டு ஒரு பத்து சென்ட் காசை எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் அரசர் அல்லது அரசியின் தலை, மறுபக்கம் பாய் விரித்த கப்பல். 1937லிருந்து அந்தக் கப்பல் அங்கே இருக்கிறது. அது போர்க்கப்பலும் இல்லை, அரசர் ஏறிய கப்பலும் இல்லை. உப்பு போட்ட மீனைச் சுமந்த மீன்பிடிக் கப்பல். புளூநோஸ் என்று பெயர், கோப்பைப் பந்தயங்களில் ஓடிய ஸ்கூனர். அதை மாதிரியாக வைத்துத்தான் காசில் படம் பொறித்தார்கள் என்பார்கள். மீன்பிடிக் கப்பலுக்கு இத்தனை மரியாதை எப்படி வந்தது என்று என் தம்பி மகன் ஒருநாள் கேட்டான். அவனுக்குச் சொல்ல ஆரம்பித்தது அப்புறம் நண்பர்கள் கேட்டதையும் சேர்த்துக்கொண்டு இவ்வளவு நீண்டுவிட்டது.

ஸ்கூனர் என்றால் எந்த மாதிரிக் கப்பல்?

இரண்டோ அதற்கு மேலோ பாய்மரம் உள்ள கப்பல். பாய்கள் கப்பலின் நீளவாட்டில் நிற்கும். பழைய போர்க்கப்பல் படங்களில் குறுக்கே சதுரமாகத் தொங்கும் பாய்களைப் பார்த்திருப்பீர்கள், அது வேறு வகை. இரண்டு பாய்மர ஸ்கூனரில் பின்னால் இருக்கும் மரம்தான் பொதுவாக உயரம். நீளவாட்டுப் பாய் இருந்தால் எதிர்க்காற்றிலும் ஓரளவு நெருங்கிப் போகலாம், பாயை இழுத்துக் கட்டக் குறைந்த ஆட்கள் போதும். மீன்பிடிப்பவர்களுக்கு இந்த இரண்டும் முக்கியம். மீனோடு கரைக்கு முதலில் வந்தவனுக்குத்தானே நல்ல விலை?

இந்தப் பெயர் 1713ல் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தில் பிறந்தது என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். ஒரு கப்பல் நீரில் வழுக்கி இறங்கியதைப் பார்த்த ஒருவர் வாயிலிருந்து வந்த சொல்லாம். ஊர்ப்பெருமைக் கதை, அந்த அளவில் வைத்துக்கொள்வோம்.

இந்த ஸ்கூனர் பந்தயம் எந்த ஊர்களுக்கு இடையில் நடந்தது?

அட்லாண்டிக் கரையின் இரண்டு மீன்பிடி ஊர்கள். ஒன்று குளோஸ்டர், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில். மற்றது லூனன்பர்க், கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், 1753ல் ஜெர்மன் பேசும் புராட்டஸ்டண்ட் குடியேறிகளை வைத்துத் தொடங்கிய ஊர். இரண்டு ஊர்க் கப்பல்களும் போனது நியூஃபவுண்ட்லாந்துக்குத் தென்கிழக்கே உள்ள கிராண்ட் பேங்க்ஸ் என்ற ஆழம் குறைந்த கடல்மேட்டுக்கு. பிடித்தது பெரும்பாலும் காட் மீன்.

கப்பலிலிருந்தே தூண்டில் போடும் வேலை இல்லை அது. டோரி என்ற தட்டையான அடிப்பக்கம் கொண்ட சிறு படகுகளை இறக்குவார்கள். படகுக்கு இரண்டு பேர் ஏறி, நூற்றுக்கணக்கான தூண்டில் முட்கள் கட்டிய நீளக் கயிற்றைக் கடலில் போட்டு எடுப்பார்கள். மூடுபனியில் தாய்க்கப்பலைத் தவறவிட்ட டோரிகள் கணக்கில் அடங்கா.

இன்னொரு வேடிக்கை: அமெரிக்கக் கப்பல்களை ஓட்டிய குளோஸ்டர் தலைவர்களில் பலர் நோவா ஸ்கோஷியாவிலோ நியூஃபவுண்ட்லாந்திலோ பிறந்தவர்கள். அமெரிக்கத் தரப்பின் பெரிய பெயரான பென் பைன் நியூஃபவுண்ட்லாந்துக்காரர். நாட்டுக்கு நாடு என்று பத்திரிகைகள் எழுதினாலும், பாதி பங்காளிச் சண்டைதான்.

1920ல் பெரிய கோப்பை வருவதற்கு முன்னால் பந்தயமே கிடையாதா?

உண்டு. சந்தைக்குப் போகும் ஒவ்வொரு பயணமும் பந்தயம்தான், அது தனி. கோப்பை வைத்து ஓடியதில் இரண்டை மட்டும் சொல்கிறேன். 1892 ஆகஸ்டில் குளோஸ்டரின் 250ஆவது ஆண்டு விழா. அன்றைக்கு அடித்த காற்றில் சாதாரணமாக யாரும் பாயைச் சுருக்காமல் வெளியே போகமாட்டார்கள். இவர்கள் போனார்கள். ஹாரி எல். பெல்டன் என்ற ஸ்கூனர் ஜெயித்தது. ‘காற்றடித்த பந்தயம்’ என்றே அது இன்றும் நினைவில் நிற்கிறது.

அடுத்தது 1907, பாஸ்டனில். போட்டி நடுவே ரோஸ் டொரோதியா என்ற ஸ்கூனரின் முன்பாய்மரத்து உச்சிக் கம்பம் முறிந்துவிட்டது. முறிந்த கம்பத்தோடேயே ஓடி முதலில் வந்தது. அந்தக் கோப்பையைக் கொடுத்தவர் ஒரு தேயிலை வியாபாரி. அவரிடம் பின்னால் வருகிறேன்.

பெரிய கோப்பை எப்படிப் பிறந்தது?

கேலியில் பிறந்தது. 1920 ஜூலையில் அமெரிக்கா கோப்பைக்கான உல்லாசப் படகுப் பந்தயம் நியூயார்க்குக்கு வெளியே நடந்தது. காற்று பலமாக அடிக்கிறது என்று ஒருநாள் ஓட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். அந்தக் காற்று, குளிர்கால அட்லாண்டிக்கில் மீன் பிடிக்கிறவர்களுக்குத் துணி உலர்த்தும் காற்று. கரையோர ஊர்களில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நோவா ஸ்கோஷியாவின் தலைநகரில் ஹாலிஃபாக்ஸ் ஹெரால்ட் பத்திரிகை நடத்திய வில்லியம் டென்னிஸ் அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு, நிஜமான கடலோடிகளுக்கு என்று ஒரு கோப்பை அறிவித்தார். சர்வதேச மீனவர் கோப்பை என்று அதற்குப் பெயர். பத்திரிகை விற்கவும் அது உதவியது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

விதிகள் என்ன?

என்னைக் கேட்டால் இந்தக் கோப்பையின் அழகே விதிகளில்தான் இருக்கிறது. வெள்ளியை யார் வேண்டுமானாலும் உருக்கி வார்க்கலாம்.

முதல் விதி, கப்பல் நிஜமாகவே மீன் பிடித்திருக்க வேண்டும். ஒரு பருவமாவது கடலுக்குப் போய் மீனோடு வந்திருக்க வேண்டும். ஓட்டுகிறவர்களும் மீனவர்களாக இருக்க வேண்டும், கூலிக்கு வந்த பந்தயக்காரர்கள் ஆகாது. மீன்பிடிக்கப் போகும்போது எந்தப் பாய்களைக் கட்டுவார்களோ அவையே பந்தயத்திலும். கப்பலின் மொத்த நீளம் 145 அடியையும், நீர்மட்டத்தில் நீளம் 112 அடியையும் தாண்டக் கூடாது. அடிப்பாரம் கப்பலின் உள்ளேதான் இருக்க வேண்டும். உல்லாசப் படகுகளைப் போல வெளியே அடியில் ஈயம் கட்டித் தொங்கவிடுவது நடக்காது.

புரிகிறதா எதற்காக இவ்வளவும்? பணக்காரர் ஒருவர் பந்தயத்துக்காகவே கப்பல் கட்டி, ஒப்புக்கு நாலு மீனைப் பிடித்துவிட்டு வந்து கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது. அந்தப் பயம் வீண் இல்லை. பாஸ்டன்காரர்கள் 1921ல் மேஃப்ளவர் என்ற ஸ்கூனரைக் கட்டுவித்தார்கள். உல்லாசப் படகின் வடிவம் அதிகம் தெரிகிறது என்று சொல்லி அதைச் சேர்க்கவில்லை. அடுத்த ஆண்டும் சேர்க்கவில்லை. பாஸ்டன்காரர்களுக்குக் கோபம் வந்தது.

ஆனால் நேர்மையாகச் சொன்னால் கோடு எங்கே என்பது அப்போதே மங்கிவிட்டது. மேஃப்ளவருக்குக் கதவைச் சாத்தியவர்களின் சொந்தக் கப்பலான புளூநோஸும் மீனுக்காக மட்டும் கட்டிய கப்பல் இல்லை. கோப்பையை மீட்கவேண்டும் என்று கட்டியதுதான். வித்தியாசம் என்னவென்றால், அது நன்றாக மீனும் பிடித்தது.

பந்தய நாள் எப்படி இருக்கும்?

முக்கோணம் போலவோ வேறு வடிவத்திலோ மிதவைகள் வைத்து, 35 முதல் 40 கடல் மைல் வரை ஓடும் பாதை. பீரங்கிக் குண்டு ஒன்று வெடித்தால் தொடக்கம். மூன்றில் இரண்டு ஜெயித்தால் கோப்பை (1938ல் மட்டும் ஐந்தில் மூன்று). நேர வரம்பு உண்டு. காற்று செத்து, அந்த நேரத்துக்குள் யாரும் முடிக்கவில்லை என்றால் அன்றைய ஓட்டம் செல்லாது. தலைவர் சுக்கானைப் பிடித்திருப்பார், மற்றவர்கள் காற்று வரும் பக்கத்து விளிம்பில் குப்புறப் படுத்துக் கிடப்பார்கள். ஆள் நின்றால் காற்றுக்குத் தடையாம்.

முதல் கோப்பையை யார் எடுத்தது?

குளோஸ்டர். 1920 அக்டோபரில் ஹாலிஃபாக்ஸுக்கு வெளியே நோவா ஸ்கோஷியா கப்பல்களுக்குள் ஒரு தேர்வு ஓட்டம் நடந்தது. டெலவானா ஜெயித்தது. அதை எதிர்க்க வந்தது எஸ்பெராண்டோ, 1906ல் கட்டிய கப்பல், தலைவர் மார்ட்டி வெல்ச். பெரிய ஆயத்தம் எதுவும் இல்லாமல் வந்து இரண்டுக்குப் பூஜ்யம் என்று முடித்துவிட்டுக் கோப்பையோடு போய்விட்டது.

தேர்வு ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தவர் ஆங்கஸ் வால்டர்ஸ் என்ற லூனன்பர்க்காரர். அவருடைய கப்பலின் உச்சிக் கம்பம் ஓட்டத்தில் முறிந்திருந்தது. கோப்பையை இழந்த ஹாலிஃபாக்ஸ் ஆட்கள் புதுக் கப்பல் ஒன்றுக்குப் பணம் திரட்டிக்கொண்டு அவரைத்தான் போய்ப் பார்த்தார்கள்.

எஸ்பெராண்டோ மறு ஆண்டே, 1921ல், சேபிள் தீவுக்கு அருகே மூழ்கியது. கோப்பையைக் காக்கத் திரும்பி வரவே இல்லை.

புளூநோஸ் அவ்வளவு வேகமாக ஓடியதற்குக் காரணம்?

வரைபடம் போட்டவர் வில்லியம் ரூவே. ஹாலிஃபாக்ஸில் குடும்பத்தோடு சோடா, ஜிஞ்சர் ஏல் கம்பெனி நடத்தியவர். கப்பல் வடிவமைப்பைப் படித்துப் பட்டம் வாங்கியவர் இல்லை, தானே கற்றுக்கொண்டவர். லூனன்பர்க்கின் ஸ்மித் அண்டு ரூலண்ட் தளத்தில் கட்டி 1921 மார்ச் 26 அன்று நீரில் இறக்கினார்கள். 143 அடி நீளம், 27 அடி அகலம், 10,000 சதுர அடிக்கு மேல் பாய்.

கட்டும்போது வால்டர்ஸ் ஒரு மாற்றம் கேட்டார். அணியத்தில், அதாவது முன்பக்கத்தில், ஆட்கள் தூங்கும் அறையில் தலை இடிக்கிறது, கொஞ்சம் உயர்த்துங்கள் என்றார். சுமார் ஒன்றரை அடி உயர்த்தினார்கள். கோணலாகிவிட்டது என்று சிலர் முகம் சுளித்தார்களாம். ஆனால் பெரிய அலையில் முன்பக்கம் அமிழாமல் நிமிர்ந்து போனதற்கு அந்த உயரமே காரணம் என்று பின்னால் சொன்னவர்களும் உண்டு. ஆட்கள் தலை இடிக்காமல் தூங்கட்டும் என்று செய்தது வேகத்தையும் கொடுத்ததென்றால், இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான்.

மீதிக் காரணம் சுக்கானைப் பிடித்த மனிதர். புளூநோஸை ஜெயிக்கும் கப்பலுக்கான மரத்தை இன்னும் யாரும் நடவே இல்லை என்று வால்டர்ஸ் சொன்னதாக ஊரே சொல்லும். அடக்கம் அவருக்குக் குறைவு.

புளூநோஸ் என்றால் நீலமூக்கு. நோவா ஸ்கோஷியாக்காரர்களுக்கு வழங்கிய பட்டப்பெயர் அது, ஏன் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள்.

பெருந்தன்மையான சம்பவம் ஒன்று உண்டாமே?

1921 அக்டோபர், ஹாலிஃபாக்ஸ். எதிரே வந்தது எல்ஸி, தலைவர் அதே மார்ட்டி வெல்ச். முதல் ஓட்டத்தில் எல்ஸியின் முன்பாய்மரத்து உச்சிக் கம்பம் முறிந்து விழுந்தது, அதோடு அங்கே கட்டியிருந்த பாய்களும் போயின. வால்டர்ஸ் அதைப் பார்த்துவிட்டுத் தன் கப்பலிலும் அதே பாய்களை இறக்கச் சொன்னார் என்பார்கள். சமமாக ஓடி ஜெயித்தார். கோப்பை லூனன்பர்க் வந்தது, அதன்பிறகு வேறெங்கும் போகவில்லை.

அப்படியானால் சண்டையே வரவில்லையா?

வராமலா! 1922ல் குளோஸ்டருக்கு வெளியே, ஹென்றி ஃபோர்டு என்ற ஸ்கூனரோடு போட்டி. ஆமாம், கார்காரர் பெயர்தான். பாயின் பரப்பு கூடுதல் என்று சொல்லி அதன் பாயை வெட்டச் சொன்னது பந்தயக் குழு. அளந்தார்கள், வெட்டினார்கள், திரும்ப அளந்தார்கள். முதல் ஓட்டத்தில் இரண்டு கப்பலும் குண்டு வெடிக்குமுன்பே புறப்பட்டுவிட்டன. திரும்பி வரச் சொல்லிக் காட்டிய சைகையை இரண்டு தலைவர்களும் கண்டுகொள்ளவில்லை. முழுப் பாதையையும் ஓடி முடித்தார்கள், ஃபோர்டு முதலில் வந்தது. குழு அதைச் செல்லாது என்றது. ஃபோர்டின் ஆட்கள் இனி ஓட மாட்டோம் என்று உட்கார்ந்துகொள்ள, பந்தயம் பார்க்க வந்திருந்த அமெரிக்கக் கடற்படைச் செயலாளரே சமாதானம் பேசும்படி ஆனது. கடைசியில் இரண்டுக்கு ஒன்று என்று புளூநோஸ் ஜெயித்தது. ஆனால் குளோஸ்டரில் இன்றும் யாராவது கணக்குக் கேட்டால் அந்தச் செல்லாத ஓட்டத்தையும் சேர்த்துத்தான் சொல்வார்கள், அதில் தப்பும் இல்லை.

1923 இன்னும் மோசம். ஹாலிஃபாக்ஸில் பென் பைனின் கொலம்பியா வந்தது. முதல் ஓட்டத்தில் இரண்டும் கரையோரப் பாறைகளை ஒட்டி உரசிக்கொண்டு போனபோது புளூநோஸின் பெரும்பாய்க் கழி கொலம்பியாவின் கயிறுகளில் மாட்டியது. புளூநோஸ் ஜெயித்தது. பைன் புகார் கொடுக்கவில்லை. ஆனால் ஆபத்தைப் பார்த்த குழு ஒரு புது விதி போட்டது: ஆழமில்லாத இடங்களைக் காட்டும் மிதவைகளைக் கடல் பக்கமாகத்தான் கடக்க வேண்டும். இரண்டாவது ஓட்டத்தில் புளூநோஸ் ஒரு மிதவையைத் தப்பான பக்கமாகக் கடந்து ஜெயித்தது. இம்முறை பைன் புகார் கொடுத்தார், அந்த ஓட்டம் கொலம்பியாவுக்குப் போனது. கணக்கு ஒன்றுக்கு ஒன்று.

வால்டர்ஸ் கப்பலைத் திருப்பிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். எத்தனை பேர் சொல்லியும் நிற்கவில்லை. கொலம்பியா பாதையைத் தனியாகச் சுற்றி வந்து கோப்பையை வாங்கிக்கொண்டிருக்கலாம். பைன் அப்படி ஜெயிக்க விரும்பவில்லை. முடிவில்லாமல் முடிந்தது. அடுத்த போட்டி நடக்க எட்டு ஆண்டு ஆயிற்று. வால்டர்ஸ் எனக்குப் பிடித்தவர்தான், ஆனால் அந்த வாரம் பெரிய மனிதராக நடந்துகொண்டவர் பைன்.

லிப்டன் கோப்பை என்கிறார்களே, தேயிலை லிப்டனா?

அவரேதான். கிளாஸ்கோவில் மளிகைக்கடை வைத்து வளர்ந்து, 1890ல் இலங்கையில் தோட்டங்கள் வாங்கிய தாமஸ் லிப்டன். அப்புத்தளைக்கு மேலே உள்ள தம்பேதன்னைத் தோட்டம் அவருடையது, அவர் உட்கார்ந்து பார்த்த இடம் என்று ‘லிப்டன் சீட்’டுக்கு இன்றும் சுற்றுலாப் போகிறார்கள். அந்த மலைகளில் கொழுந்து பறித்தவர்கள் தமிழகத்திலிருந்து போன குடும்பங்கள். அட்லாண்டிக் மீனவர்களுக்கு அவர் கொடுத்த வெள்ளியில் அந்தக் கூடைகளின் எடையும் கொஞ்சம் இருக்கிறது.

லிப்டனுக்குப் படகுப் பந்தயத்தில் தீராத மோகம். ஷாம்ராக் என்று பெயர் வைத்த படகுகளோடு 1899லிருந்து 1930 வரை ஐந்து முறை அமெரிக்கா கோப்பைக்குப் போட்டியிட்டு ஐந்து முறையும் தோற்றார். தோல்வியைச் சிரித்துக்கொண்டே ஏற்றதற்காக அமெரிக்கர்கள் பணம் திரட்டி அவருக்கென்று தனியாக ஒரு தங்கக் கோப்பை செய்து கொடுத்தார்கள்.

அவர் பெயரில் 1930 அக்டோபரில் குளோஸ்டரில் மீனவர் ஸ்கூனர்களுக்கு ஒரு போட்டி நடந்தது. புளூநோஸை எதிர்க்க, அந்த ஆண்டே கட்டிய கெர்ட்ரூட் எல். தீபோ. இரண்டுக்குப் பூஜ்யம் என்று தீபோ ஜெயித்தது. புளூநோஸ் தோற்ற தொடர் இதுதான். லூனன்பர்க்காரர்களிடம் சொன்னால், அது லிப்டன் கோப்பை, மீனவர் கோப்பை இல்லை என்பார்கள். உண்மைதான், என்றாலும் தோற்றது தோற்றதுதானே.

கடைசிப் போட்டி எப்போது?

1931ல் ஹாலிஃபாக்ஸில் புளூநோஸ் தீபோவை இரண்டுக்குப் பூஜ்யம் என்று பழிதீர்த்தது. அப்புறம் ஏழு ஆண்டு இடைவெளி. 1938 அக்டோபரில் பாஸ்டனுக்கும் குளோஸ்டருக்கும் வெளியே கடைசித் தொடர், மூன்றுக்கு இரண்டு என்று புளூநோஸ். ஆக, 18 ஆண்டில் மொத்தமே ஆறு போட்டிகள்தான் இந்தக் கோப்பைக்கு நடந்தன.

அதற்குள் உலகம் மாறியிருந்தது. இழுவலைக் கப்பல்கள் வந்து ஸ்கூனர்களைப் பிழைப்பிலிருந்து தள்ளிவிட்டன. புளூநோஸிலேயே 1936ல் டீசல் என்ஜின் ஏறியிருந்தது. அந்த என்ஜின் கடனுக்காகவே பிறகு கப்பல் ஏலத்துக்கு வந்தபோது, வால்டர்ஸ் தன் சொந்தப் பணத்தைக் கட்டி மீட்டார். நாடு தபால்தலையிலும் காசிலும் போட்ட கப்பலுக்குக் கடன் கட்ட வேறு ஆள் வரவில்லை.

அந்தக் கப்பல்கள் எல்லாம் எங்கே?

கடலில். கொலம்பியா 1927 ஆகஸ்டுப் புயலில் சேபிள் தீவுப் பக்கம் போனது, ஒருவரும் திரும்பவில்லை. சில மாதம் கழித்து ஒரு இழுவலைக் கப்பலின் கம்பியில் மாட்டி, ஒரு ஸ்கூனரின் உடல் நீருக்கு மேலே எழும்பி, மீண்டும் அமிழ்ந்துபோனது. அது கொலம்பியாதான் என்று நம்புகிறார்கள். ஹென்றி ஃபோர்டு 1928ல், எல்ஸி 1935ல், தீபோ 1948ல் வெனிசுவேலாக் கரையில். புளூநோஸை 1942ல் கரீபியன் சரக்கு வியாபாரத்துக்கு விற்றார்கள். 1946 ஜனவரி 28 அன்று ஹைட்டிக்கு அருகே பவளப்பாறையில் மோதி முடிந்தது.

புளூநோஸ் இரண்டு என்று ஒன்று ஓடுகிறதே?

அது நகல். 1963ல் ஒரு மதுபானக் குடும்பத்தின் செலவில், அதே தளத்தில், பழைய கப்பலைக் கட்டிய சில கைகளே சேர்ந்து கட்டியது. 1971ல் ஒரு டாலருக்கு மாகாண அரசிடம் கொடுத்துவிட்டார்கள். வயதான வால்டர்ஸும் அதில் ஏறிப்போனார்.

இதில் ஒரு வழக்கம் உண்டு. புளூநோஸ் இரண்டு போட்டிப் பந்தயத்தில் இறங்காது. ஊர்வலம் போகும், ஆட்களை ஏற்றிக்கொண்டு சுற்றும், மற்ற கப்பல்களோடு சேர்ந்து பாய் விரிக்கும். ஆனால் ஜெயிப்பு தோற்பு என்று ஓடாது. பெரியவள் சம்பாதித்த பெயரைச் சின்னவள் பணயம் வைக்கக் கூடாது என்ற மரியாதை. எங்கள் வீட்டில் தாத்தாவின் நாற்காலியில் யாரும் உட்காராததுபோல.

இப்போது யார் பந்தயம் ஓடுகிறார்கள்?

குளோஸ்டரில் ஒவ்வொரு ஆண்டும் செப்டம்பர் முதல் திங்களை ஒட்டி வரும் தொழிலாளர் தின விடுமுறையில் ஸ்கூனர் திருவிழா. பாய்மர ஊர்வலம் ஒருநாள், மேயர் பெயரில் பந்தயம் ஒருநாள். பெரிய ஸ்கூனர்களுக்கான பரிசின் பெயர் எஸ்பெராண்டோ கோப்பை, 1920ல் ஜெயித்த அதே கப்பலின் நினைவாக.

தெற்கே செசபீக் விரிகுடாவிலும் ஓர் ஓட்டம் உண்டு. லேன் பிரிக்ஸ் என்பவர் பாய்மரம் கட்டிய தன் இழுவைப் படகை வைத்துக்கொண்டு பிரைட் ஆஃப் பால்டிமோர் இரண்டு என்ற பெரிய ஸ்கூனரை, வா, பார்க்கலாம் என்று கூப்பிட்டதில் 1990ல் தொடங்கியது. பால்டிமோர் பக்கத்திலிருந்து விரிகுடாவின் தென்கோடி வரை, இரவும் பகலுமாக 100 கடல் மைலுக்கு மேல். வசூலாகும் பணம் விரிகுடாவைப் பாதுகாக்கும் வேலைக்குப் போகிறது. இழுவைப் படகுக்குப் பாய்மரம் கட்டியவர் தொடங்கிய பந்தயம் என்பதாலோ என்னவோ, எனக்கு இதன்மேல் தனிப் பிரியம்.

வேறு என்ன வழக்கங்கள்?

ஜெயித்த கப்பல் பாய்மர உச்சியில் துடைப்பம் கட்டும், கூட்டிப் பெருக்கிவிட்டோம் என்று அர்த்தம். கப்பல் கட்டும்போது பாய்மரத்தின் அடியில் ஒரு நாணயம் வைப்பார்கள். நாம் நிலைவாசலுக்கு அடியில் வைப்பதில்லையா, அதுபோல.

கோப்பையைவிட ஊர்க்காரர்கள் பெரிதாக நினைப்பது இறந்தவர்களின் பெயர்களை. குளோஸ்டர் கடற்கரையில் 1925ல் நிறுவிய, சுக்கானைப் பிடித்து நிற்கும் மீனவர் சிலை இருக்கிறது. கடலில் போன 5,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அங்கே உண்டு. லூனன்பர்க் கரையில் திசைகாட்டி வடிவில் கருங்கல் தூண்கள், அவற்றிலும் பெயர்கள். ஒரே குடும்பப்பெயர் வரிசையாக நாலைந்து முறை வரும் இடங்களில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை.

தமிழர்களுக்கும் இந்த ஊர்களுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, அதுவும் பாய்மரத்தோடு. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற இரட்டைப் பாய்மரக் கப்பலை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கக் கடலோடி வாங்கினார். தன் மனைவி பெயரில் ஃப்ளோரன்ஸ் சி. ராபின்சன் என்று மாற்றினார். சூயஸ் வழியாக மத்தியதரைக் கடல், பிறகு அட்லாண்டிக் என்று அதைக் கொண்டுபோனதில் வல்வெட்டித்துறைக் கடலோடிகள் ஐவர் இருந்தார்கள். தண்டையல் தம்பிப்பிள்ளை அவர்களுக்குத் தலைவர். கப்பல் போய்ச்சேர்ந்த துறைமுகம் குளோஸ்டர், 1938 ஆகஸ்டு. இரண்டே மாதம் கழித்து அதே துறைமுகத்துக்கு வெளியே மீனவர் கோப்பையின் கடைசித் தொடரின் ஓட்டங்கள் சில.

அன்னபூரணி ஸ்கூனர் இல்லை. குறுக்குப் பாயும் கட்டிய சரக்குக் கப்பல், புளூநோஸைவிட ஐம்பது அடி சிறியது. ஆனால் வேலைக்குக் கட்டிய கப்பலா, ஓட்டுகிறவர்கள் கடலில் பிழைப்பவர்களா என்ற முதல் கேள்விக்கு அது தாராளமாகத் தேறியிருக்கும்.

கோப்பைகளை நேரில் பார்க்க முடியுமா?

மீனவர் கோப்பை லூனன்பர்க்கில், துறைமுகத்தை ஒட்டிய சிவப்புக் கட்டடங்களில் இருக்கும் அட்லாண்டிக் மீன்வள அருங்காட்சியகத்தில். 1907 லிப்டன் கோப்பையைப் பார்க்க மாசசூசெட்ஸின் பிராவின்ஸ்டவுன் நூலகத்துக்குப் போங்கள். ரோஸ் டொரோதியாவின் பாதி அளவு மாதிரியை அங்கே கட்டடத்துக்குள்ளேயே கட்டி வைத்திருக்கிறார்கள், புத்தக அலமாரிகளுக்கு நடுவே பாய்மரம் கூரையை நோக்கிப் போகும்.

லூனன்பர்க் போகிறவர்கள் கோப்பையோடு திரும்பிவிடாதீர்கள். அருங்காட்சியகத்துக்கு வெளியே கரையில் கட்டியிருக்கும் தெரசா ஈ. கானரில் ஏறுங்கள். 1938ல் கட்டியது, கிராண்ட் பேங்க்ஸுக்கு டோரிகளோடு போன கடைசி லூனன்பர்க் ஸ்கூனர். 1963ல் டோரியில் இறங்க ஆள் தேடி நியூஃபவுண்ட்லாந்து வரை போனது, போதிய ஆட்கள் கிடைக்காமல் வெறுமனே திரும்பியது. புளூநோஸ் இரண்டு நீரில் இறங்கியதும் அதே ஆண்டுதான். மேல்தளத்தில் டோரிகளை ஒன்றுக்குள் ஒன்றாக, டம்ளர் அடுக்கினதுபோல அடுக்கி வைத்திருப்பார்கள். கீழே இறங்கினால் ஆட்கள் தூங்கிய பலகைப் படுக்கைகள். தலையைக் குனிந்து இறங்குங்கள்.